போர்முனைக்குப் போகும் நிருபருக்கான கவச உடை: ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பது எப்படி

உக்ரைனுக்கோ அதுமாதிரி வேறொரு போர்ப் பகுதிக்கோ முதல் தடவை போகவிருக்கும் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் பெரும்பாலும் "எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஜாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். பிளேட் கேரியர் என்று சொல்லப்படும் அந்த உடை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு பை வைத்துத் தைத்த கனமான துணி, அவ்வளவுதான். ரைஃபிள் குண்டைத் தடுப்பது அந்தப் பைகளுக்குள் செருகும் தகடு. சிதறல்களைத் தடுப்பது தகட்டுக்குப் பின்னால் வைக்கும் மென்கவசம். ரத்தம் போகும்போது காப்பாற்றுவது மேலே மாட்டியிருக்கும் மருந்துப் பை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வாங்கக்கூடியது, தனித்தனியாக மாற்றக்கூடியது. அதனால் எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பது முக்கியம்: முதலில் தகடு, பிறகு துணி, கடைசியில்தான் மேலே தொங்கும் பைகள்.

இணையத்தில் இந்த உடை பற்றிக் கிடைக்கும் படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் சிப்பாய்களுக்கும், அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் எடுத்தவை. நெஞ்சு முழுக்கத் தோட்டா வைக்கும் உறைகளை அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்கள் அடுக்க வேண்டாம். 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளுக்குச் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை, அதன் 79ஆவது பிரிவில், போர்ப் பகுதியில் பணிபுரியும் பத்திரிகையாளரைப் பொதுமக்களில் ஒருவராக வைக்கிறது. உங்கள் உடையும் அப்படித்தான் தெரிய வேண்டும். இலை தழை நிறத் துணி, ராணுவப் பச்சை, தோட்டா உறை எதுவும் கூடாது. காலி உறையில் பேட்டரி வைத்திருந்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது தோட்டா உறைதான்.

முதல் வேலை: எதைத் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது

தகடுகளின் தரத்தை உலகின் பல இடங்களில் அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் (என்.ஐ.ஜே.) வகுத்த அளவுகோலை வைத்தே பேசுகிறார்கள். 2008இல் வந்த தரநிலையில் லெவல் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்து படிகள். 3ஏ வரை கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு. 3, 4 இரண்டும் ரைஃபிளுக்கு. லெவல் 3 தகட்டை 7.62×51 மி.மீ. ஈயக்குண்டை நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் சுட்டுச் சோதிக்கிறார்கள். ஆறு அடிகளைத் தாங்க வேண்டும். லெவல் 4 தகட்டைச் சோதிப்பது .30-06 அளவில் உள்ள கவசத்துளைப்புக் குண்டு, நொடிக்கு 878 மீட்டர். அது ஓர் அடியைத் தாங்கினால் போதும். 2023 இறுதியில் வந்த புதிய தரநிலையில் பெயர்கள் மாறிவிட்டன: கைத்துப்பாக்கிக்கு எச்ஜி1, எச்ஜி2, ரைஃபிளுக்கு ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3. பழைய லெவல் 3 கிட்டத்தட்ட ஆர்எஃப்1, பழைய லெவல் 4 ஆர்எஃப்3. நடுவில் இருக்கும் ஆர்எஃப்2 புதிதாகச் சேர்ந்தது. உருக்கு முனை வைத்த 5.56 மி.மீ. குண்டையும் அது தாங்க வேண்டும்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கடைகளில் "3 பிளஸ்" என்று விற்பார்கள். என்.ஐ.ஜே. தரநிலையில் அப்படி ஒரு படியே கிடையாது. அது தயாரிப்பாளர் தானாக வைத்த பெயர். எந்தெந்தக் குண்டுக்குச் சோதித்தார்கள் என்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, உக்ரைனுக்கென்று தனித் தரநிலை இருக்கிறது. அதில் 1 முதல் 6 வரை வகுப்புகள். அங்கே "4ஆம் வகுப்பு" என்று ஒட்டியிருக்கும் தகடு, அமெரிக்க லெவல் 4 ஆகாது. ஏறக்குறைய லெவல் 3தான். லெவல் 4க்குப் பக்கத்தில் வருவது அவர்களுடைய 6ஆம் வகுப்பு. தலைநகர் கியவில் இரவலாக ஒரு கவசம் கையில் கிடைத்து, லேபிளில் 4 என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உக்ரைன் போர்முனையில் சுற்றுகிற ரைஃபிள் குண்டுகள் 5.45×39, 7.62×39, இயந்திரத் துப்பாக்கிகளில் வரும் 7.62×54ஆர். இவற்றில் பலவற்றுக்கு உள்ளே உருக்கு முனை உண்டு. லெவல் 3 சோதனையின் ஈயக்குண்டு இவற்றுக்குப் பதிலாகாது. அதனால் என் யோசனை ஒன்றுதான்: லெவல் 4 அல்லது ஆர்எஃப்3 எடுங்கள். கனமாக இருக்கும், தோள் வலிக்கும். பரவாயில்லை.

தகட்டைத் தேர்ந்தெடுப்பது

தகடுகள் மூன்று பொருள்களில் வருகின்றன. உருக்குத் தகடு மலிவு, மெல்லிசு, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் குண்டு அதன் மேல் பட்டு உடைந்து, துண்டுகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும். தாடையும் கழுத்தும் கைகளும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. மேலே ரப்பர் மாதிரிப் பூச்சு அடித்து விற்கிறார்கள், ஓரிரு அடிகளில் அது கிழிந்துபோகும். உருக்குத் தகடு உங்களுக்கு வேண்டாம்.

பாலிஎத்திலீன் தகடு ஆச்சரியப்படும் அளவுக்கு லேசானது. ஒன்று 1.5 கிலோ வாக்கில் கிடைக்கும். ஈயக்குண்டை நன்றாகப் பிடித்து நிறுத்தும், உருக்கு முனைக்கு எதிரே திணறும். சூடும் இதற்கு ஆகாது. வெயிலில் மூடிய காருக்குள் போட்டு வைக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது செராமிக். அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு ஆகியவற்றில் ஒன்றால் ஆன கெட்டியான முகப்பு குண்டின் முனையை நொறுக்கும். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிஎத்திலீன் அல்லது அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான இழை) அடுக்கு நொறுங்கிய துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். லெவல் 4 தகடுகள் பெரும்பாலும் இந்த வகைதான், ஒன்று சுமார் 3 கிலோ. இதன் பலவீனம், தரையில் போடும் டைல்ஸ் மாதிரிக் கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். யாரோ பயன்படுத்திய செராமிக் தகட்டை இணையத்தில் பாதி விலைக்குப் பார்த்தால் வாங்காமல் கடந்துபோங்கள். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது.

வாங்கும்போது லேபிளில் இரண்டு விஷயம் படியுங்கள். தனியாகவே தாங்கும் தகடா, மென்கவசத்தோடு சேர்ந்தால்தான் தாங்கும் தகடா என்று எழுதியிருக்கும். இரண்டாம் வகையை வெறுமனே போட்டுக்கொண்டால் லேபிளில் போட்டிருக்கும் தரம் உங்களுக்குக் கிடைக்காது. அடுத்து, எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும். வளைவின் உள்பக்கம் உடம்பைப் பார்க்க வேண்டும், குண்டு படும் பக்கம் வெளியே. திருப்பிச் செருகிவிட்டுப் புறப்பட்டவர்களும் உண்டு.

அளவுக்கு உங்கள் நெஞ்சைப் பாருங்கள், சட்டை அளவைப் பார்க்காதீர்கள். தகடு மறைக்க வேண்டியது இதயம், நுரையீரல், பெரிய ரத்தக் குழாய்கள். கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கும் இடத்தில் விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். தகட்டின் மேல் விளிம்பு அங்கே தொடங்க வேண்டும். அகலத்தில் இரண்டு மார்புக் காம்புகளையும் மூட வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலேயே நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் உட்காரும்போது தொடை இடித்து, தகட்டைத் தொண்டைக்குத் தள்ளும். அமெரிக்க ராணுவ அளவில் மீடியம் 9.5×12.5 அங்குலம், ஸ்மால் 8.75×11.75, லார்ஜ் 10.125×13.25. கடைகளில் 10×12 அங்குலமும், உக்ரைனில் 25×30 செ.மீ.யும் பரவலாகக் கிடைக்கும். பெரிய தகடு அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து ஓர் அளவு கூட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேமராவைக் கண்ணுக்குத் தூக்க முடியாமல் கையில் இடிக்கும்போது தெரியும். மேல் மூலைகள் வெட்டிய தகடு தோளுக்கு இடம் விடும். பெண்களுக்கு, ஒரே பக்கம் வளைந்த தகட்டைவிடப் பல திசையில் வளைந்த தகடு நெஞ்சோடு நன்றாகப் பொருந்தும்.

துணியும் மென்கவசமும்

தகட்டின் அளவு தெரிந்த பிறகு கேரியர் எடுப்பது சுலபம். தகடு அந்தப் பைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். உள்ளே செருகிக் குலுக்கிப் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கினாலும் வேறு கேரியர் பாருங்கள். நிறம் அடர்நீலம் அல்லது கறுப்பு. தோள்பட்டை அகலமாக, தட்டையாக இருக்கட்டும். புகைப்படக்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பருமனான தோள் மெத்தை கேமரா பட்டையை நழுவ விடும். முதுகுக்கு மேலே ஆளை இழுத்துப் போக ஒரு கைப்பிடி உண்டு. அதன் தையல் உங்கள் எடையைத் தாங்குமா என்று நண்பர் ஒருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

விலாவைச் சுற்றி வரும் பட்டைக்குக் கமர்பண்ட் என்று பெயர். வெல்க்ரோ வைத்தது மலிவு, ஆனால் பிரிக்கும்போது பெரிய சத்தம் வரும். கொக்கி போல மாட்டும் பிளாஸ்டிக் பூட்டு வைத்தது சத்தமில்லாமல் ஒரு கையால் கழன்றுவிடும். அடிபட்டு விழுந்தவரிடமிருந்து உடையை அகற்ற வேண்டிய மருத்துவருக்கு அந்த ஒரு கை வித்தியாசம் பெரியது. சில கேரியர்களில் ஒரு கம்பியை இழுத்தால் உடை முழுக்கத் துண்டு துண்டாகக் கழன்று விழும். அது இருந்தால், திரும்பக் கோத்து மாட்டுவதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

மென்கவசத்தைப் பலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் விட மாட்டேன். பீரங்கியும் டிரோனும் நடத்தும் போரில் உங்களைத் தேடி வருவது பெரும்பாலும் சிதறல்கள்தான், அவை தகட்டின் 12 அங்குலத்தைப் பார்த்து வருவதில்லை. கெவ்லார் போன்ற அராமிட் அல்லது பாலிஎத்திலீன் அடுக்குகளால் ஆன மென்கவசம் தகட்டைவிட அகலமாக, விலாவையும் சேர்த்து மூடும். லெவல் 3ஏ எடுங்கள், கூடவே சிதறல் சோதனை அறிக்கையும் இருக்கிறதா என்று கேளுங்கள். கெவ்லாருக்கு ஈரமும் வெயிலும் பகை. உறை கிழிந்திருந்தால் போட்டுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மென்கவசத்துக்குத் தயாரிப்பாளர் 5 ஆண்டு உத்தரவாதம் தருவார், தேதி லேபிளிலேயே இருக்கும்.

பக்கவாட்டுத் தகடுகள் 6×6 அங்குல அளவில் வருகின்றன. முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். ஓட முடிவதும், பள்ளத்தில் சட்டென்று படுக்க முடிவதும் உங்களுக்கு அந்த இரண்டு தகடுகளைவிட அதிகம் உதவும்.

மேலே எதை மாட்டுவது

கேரியரின் வெளிப்பக்கம் வரிசை வரிசையாகப் பட்டை நாடா தைத்திருக்கும். மோலி என்று சொல்வார்கள், அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முறை. ஒவ்வொரு நாடாவும் 25 மி.மீ. அகலம், அடுத்த வரிசைக்கு இடையிலும் 25 மி.மீ., 38 மி.மீ.க்கு ஒரு தையல். அளவு எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதால் யார் செய்த பையையும் யார் செய்த கேரியரிலும் மாட்டலாம். மாட்டும் விதத்தைக் கவனியுங்கள்: பையின் பின்னால் தொங்கும் நாக்கை முதலில் கேரியரின் மேல் நாடாவுக்குள் நுழையுங்கள், பிறகு பையின் முதுகில் உள்ள நாடாவுக்குள், மறுபடி கேரியரின் அடுத்த நாடாவுக்குள். இப்படி மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே கீழே வந்து, அடியில் பொத்தானை அழுத்துங்கள். அவசரத்தில் கேரியர் நாடாவுக்குள் மட்டும் நேராக இறக்கிவிடுவார்கள். பை கழன்று விழாது, ஆனால் ஓடும்போது தொங்கி ஆடும். சரியாகப் பின்னிய பையைப் பிடித்து இழுத்தால் கேரியரும் சேர்ந்து வர வேண்டும்.

முதலில் மாட்ட வேண்டியது டூர்னிக்கெட், அதாவது ரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ முறுக்கி இறுக்கும் பட்டை. கையிலோ காலிலோ பெரிய ரத்தக் குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். அந்த நேரத்தில் பையைத் திறந்து தேட முடியாது. அதனால் நெஞ்சின் நடுக்கோட்டில், வலது கையாலும் இடது கையாலும் எட்டுகிற இடத்தில், பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தயாராக மடித்து மாட்டுங்கள். கேட் என்ற டூர்னிக்கெட்டின் போலிகள் இணையக் கடைகளில் ஏராளம். பார்க்க அப்படியே இருக்கும், முறுக்கும் குச்சி பாதியில் வளைந்துவிடும் அல்லது உடைந்துவிடும். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். கட்டிய நேரத்தை எழுத ஒரு மார்க்கர் பேனாவும் கூட இருக்கட்டும்.

அடுத்தது முதலுதவிப் பை. அழுத்தக் கட்டு, ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஏறிய காஸ் துணி, நெஞ்சுத் துளையை அடைக்கும் ஒட்டு இரண்டு (நுழைந்த இடத்துக்கு ஒன்று, வெளியேறிய இடத்துக்கு ஒன்று), கையுறை, துணி வெட்டும் கத்தரி. பை இடுப்புப் பக்கம், ஒரே இழுப்பில் கழன்று வரும் மாதிரி இருக்கட்டும். இந்தப் பை உங்களுக்கு அடிபட்டால் மற்றவர் உங்கள் மேல் பயன்படுத்துவதற்கு. அதனால் குழுவில் எல்லாரும் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்வது நல்லது. பயிற்சி எடுக்காமல் இந்தப் பொருள்களை வாங்கி மாட்டுவதால் பலனில்லை. போர்ப் பகுதி நிருபர்களுக்கான பாதுகாப்பு, முதலுதவிப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து மாட்டுங்கள். ஃப்ரீலான்ஸர்களுக்கு அந்த வகுப்புக் கட்டணத்துக்கு லண்டனில் உள்ள ரோரி பெக் டிரஸ்ட் உதவித்தொகை தருகிறது.

பிறகு "பிரஸ்" பட்டை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. தைத்துவிடாதீர்கள், வெல்க்ரோவில் ஒட்டுங்கள். அதை எப்போது காட்டுவது, எப்போது எடுத்துவிடுவது என்பது அந்தந்த இடத்தைத் தெரிந்த உள்ளூர் சகாவிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். உங்கள் ரத்த வகையையும் ஒவ்வாமையையும் எழுதிய சிறு பட்டை ஒன்றையும் ஒட்டிவிடுங்கள்.

இதற்கு மேல் போனுக்கோ ரேடியோவுக்கோ ஒரு சின்னப் பை, அத்தோடு நிறுத்துங்கள். லென்ஸும் பேட்டரியும் இடுப்புப் பையில் போகட்டும். நெஞ்சில் பருமனாகப் பை இருந்தால், குப்புறப் படுக்கும்போது அது உங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும். முதுகில் ஏதாவது இருந்தால் கார் இருக்கையில் சாய முடியாது, சீட் பெல்ட் சரியாக விழாது.

வீட்டிலேயே போட்டுப் பழகுவது

தோள்பட்டையை முதலில் சரி செய்யுங்கள், தகட்டின் மேல் விளிம்பு அந்தக் கழுத்துக் குழிக்கு வரும் வரை. பின் தகடும் அதே உயரத்தில் நிற்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதியவர்களின் உடை பெரும்பாலும் தொப்பை மேல் தொங்கும். இதயத்துக்கு மேல் நாலு விரல் திறந்து கிடக்கும். கமர்பண்டை, முழு மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிய இடமிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் தடிமனான ஸ்வெட்டரோடு ஒரு தடவை, டி-ஷர்ட்டோடு ஒரு தடவை அளந்து, இரண்டு இடத்திலும் பட்டையில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மாடிப்படி ஏறுங்கள். குப்புறப் படுத்து எழுந்திருங்கள். காருக்குள் ஏறி பெல்ட் போட்டு இறங்குங்கள். கேமராவைக் கண்ணில் வைத்து மண்டி போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இடது கையால் மட்டும் டூர்னிக்கெட்டை எடுங்கள், பிறகு உடையைக் கழற்றுங்கள். எல்லாம் சேர்த்து 10 கிலோ வரை வரும். ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்தால், எது உறுத்துகிறது, எது தேவையில்லை என்று உடம்பே சொல்லிவிடும்.

குண்டை நிறுத்தினாலும் அடி உள்ளே இறங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். என்.ஐ.ஜே. சோதனையில் தகட்டுக்குப் பின்னால் உள்ள களிமண் 44 மி.மீ. வரை உள்வாங்க அனுமதி உண்டு. விலா உடையலாம், நுரையீரல் கன்றிப்போகலாம். மேலே துளை இல்லை என்று யாரும் உங்களை எழுந்து நடக்கச் சொன்னால் கேட்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

கவசம் மூடாத இடங்கள் நிறைய. 2022 மே 11 அன்று மேற்குக் கரையில் உள்ள ஜெனினில் அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே "பிரஸ்" என்று எழுதிய கவசமும் ஹெல்மெட்டும் போட்டிருந்தார். குண்டு தலையில் பட்டது. நிருபர்கள் வழக்கமாகப் போடும் லெவல் 3ஏ ஹெல்மெட் சிதறலுக்கும் கைத்துப்பாக்கிக்கும்தான், ரைஃபிளுக்கு இல்லை. 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கடக்கும்போது போர் நிருபர் மேரி கொல்வின் இடது கண்ணின் பார்வையை இழந்தது சிதறலால். அதனால் ஹெல்மெட்டோடு, சிதறல் தாங்கும் கண்ணாடியும் பட்டியலில் இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் 32432 எண் தரநிலைக்குச் சோதித்தது என்று பார்த்து வாங்குங்கள், வெறும் வெயில் கண்ணாடி உதவாது.

எல்லை தாண்டுவது

கவச உடையைப் பல நாடுகள் ராணுவத் தளவாடக் கணக்கில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து எடுத்துப்போவது ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வரும். சொந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் இல்லை, போலந்து போன்ற அண்டை நாட்டில் இறங்கித் தரைவழியாகத்தான் போக வேண்டும். அதனால் புறப்படும் நாடு, வழியில் மாறும் நாடு, இறங்கும் நாடு மூன்றின் விதியையும் டிக்கெட் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு எளிய வழி, அங்கே போய் இரவல் வாங்குவது. எல்லையற்ற நிருபர்கள் அமைப்பு 2022 மார்ச்சில் லிவிவ் நகரிலும் பிறகு கியவிலும் மையம் திறந்து கவசமும் ஹெல்மெட்டும் இரவல் கொடுத்தது. இந்த ஏற்பாடுகள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் முன்பே அவர்களுக்கு எழுதி, உங்கள் அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். இரவல் உடை என்றாலும் மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள்: லேபிள், தேதி, எந்தப் பக்கம் வெளியே, தோள்பட்டை உயரம். டூர்னிக்கெட்டும் மருந்துப் பையும் உங்களுடையதாக இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கும்போது தகடு எங்காவது கீழே விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் அது அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.